முலாம் பூசிய காலமும் நமது தோட்டங்களும்

ஒரு நாட்டின் சரித்திரத்தை அந்நாட்டாரே படித்தாற் போதும், பிறர்க்கு அதனால் ஆவது யாது என வினவுவோர் நம்மிற் பலர் உளர். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் இருந்துகொண்டு அமெரிக்காவின் சென்ற காலத்தைப் பேசப் புகுந்தால், போகாத ஊருக்கு வழி கேட்கும் வேலை இஃது என நகைப்போரும் உண்டு. ஆயினும், நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த காரணத்தைத் தோண்டிப் பார்ப்போமாயின், அதன் வேர்களில் ஒன்று இங்கிலாந்துக்கும் மற்றொன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் ஓடியிருத்தலைக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கெழுந்த பெருந்தொழில்களே முதலில் நம் பகுதியின் ஈயத்துக்கும், பின்னர் ரப்பருக்கும் விலை வைத்தன. விலை வைத்தவன் கதையை அறியாதவனுக்கு விலைப்பட்டவன் கதையும் விளங்காது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865-ம் ஆண்டில் முடிவுற்றது. அடிமை முறையும் அவ்வாண்டிலேயே சட்டத்தால் ஒழிந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் அந்நாடு அடைந்த மாறுதல் வியக்கத்தக்கது. 1869-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி, கிழக்கிலிருந்து வந்த இருப்புப் பாதையும் மேற்கிலிருந்து வந்த இருப்புப் பாதையும் யூட்டா பிரதேசத்தில் கூடின. மேற்குப் பகுதியில் மலையைக் குடைந்து பாதை அமைத்தவருள் பெரும்பாலார் சீனத் தொழிலாளர். 1870-ல் ராக்பெல்லர் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை நிறுவினார். ஏறக்குறையப் பத்தாண்டுகளில் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் பத்தில் ஒன்பது பங்கு அவர் கைக்குள் அடங்கிற்று. கார்னெகி எஃகுக்கு அதிபதியானார். 1901-ல் மார்கன் அவருடைய ஆலைகளை வாங்கி அமைத்த கூட்டு, நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட மூலதனத்தைக் கொண்டதாயிற்று. மார்க் ட்வெயினும் வார்னரும் 1873-ல் வெளியிட்ட நவீனமொன்றின் பெயரைக்கொண்டு இக்காலத்தை 'முலாம் பூசிய காலம்' என்று அழைப்பர். பளபளப்பு மேற்பூச்சில் இருந்தது. உள்ளே கிடந்தது ஏழையின் உழைப்பு.

இதற்கும் நமக்கும் உள்ள முதல் உறவு ஒரு தகரப் பெட்டியில் அடங்கியிருக்கிறது. ராக்பெல்லரின் மண்ணெண்ணெய் ஆசிய நாடுகளுக்குத் தகரத்தில் அடைபட்டே வந்தது. எண்ணெய் தீர்ந்த தகரம் ஏழை வீட்டில் தண்ணீர்க் குடமாகவும் அரிசிப் பானையாகவும் பயன்பட்டதை முதியோர் அறிவர். தகரமென்பது இரும்புத் தகட்டின்மேல் வெள்ளீயம் பூசியதேயாம். அக்காலத்தில் அத்தகட்டைச் செய்தவை வேல்ஸ் நாட்டு ஆலைகள். அதனைப் பெருவாரியாக வாங்கியது அமெரிக்கா. எண்ணெய், பழம், மீன், இறைச்சி யாவும் தகரத்தில் அடைபட்டு விற்பனையாகவே, ஈயத்துக்குக் கிராக்கி வளர்ந்தது. பேராக், சிலாங்கூர், சுங்கை ஊஜோங் ஆகிய இடங்களின் ஈயலம்பங்களில் சீனத் தொழிலாளர் இறங்கினர். 1890-க்களின் நடுவில் உலக ஈயத்தில் பாதிக்கு மேற்பட்டது இம்மலாய் நாடுகளிலிருந்தே சென்றது.

இங்கு அமெரிக்க அரசியல் குறுக்கிட்டது. 1890-ம் ஆண்டில், பின்னர் ஜனாதிபதியான மக்கின்லி கொண்டுவந்த சுங்கச் சட்டம் அந்நிய நாட்டுத் தகரத்தகட்டின்மேல் கடுந்தீர்வை விதித்தது. அதன் பயனாக வேல்ஸில் பல ஆலைகள் மூடப்பட்டன. அமெரிக்காவில் புதிய ஆலைகள் எழுந்தன. ஆனால் அமெரிக்க மண்ணில் ஈயம் அரிது. ஆகவே தகட்டைத் தானே செய்தாலும் ஈயத்தை அந்நாடு வெளியிலிருந்து வாங்கியே தீரவேண்டும். மலாய் நாட்டு ஈயமணலைத் தம் நாட்டுக்கே கொண்டுபோய், நியூ ஜெர்சியில் உருக்கிக்கொள்ள அமெரிக்க முதலாளிகள் திட்டமிட்டனர். உடனே 1903-ம் ஆண்டில் இங்குள்ள ஆங்கில ஆட்சி, ஜலசந்திக் குடியேற்றங்களில் உருக்கப்படாது வெளியேறும் மணலின்மேல் தாங்கொணாத தீர்வை விதித்தது, திட்டம் கவிழ்ந்தது. தடையில்லா வாணிகமே தன் சமயம் என்று ஓதிவந்தது அவ்வாட்சி. கொள்கையென்பது லாபத்துக்கு இடையூறு செய்யாதவரையில்தான் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகிறது.

இனி, நாடு பிடித்த கதையை நோக்குவோம். அமெரிக்காவின் பழங்குடி மக்கள் தம் நிலத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்தவர். 1887-ம் ஆண்டுச் சட்டம் அந்நிலத்தைத் தனித்தனி உடைமையாகப் பிரித்தது. எஞ்சியதை வெள்ளையர்க்குத் திறந்துவிட்டது. அவ்வாண்டில் 13 கோடியே 80 லட்சம் ஏக்கராக இருந்த அவர்கள் நிலம், 1934-ல் 4 கோடியே 80 லட்சமாகச் சுருங்கிற்று. 1893-ல் ஹவாய்த் தீவின் அரசி லிலியுஒகலானியைக் கரும்புத் தோட்ட முதலாளிகளும் அவர்தம் கூட்டாளிகளும் அமெரிக்கக் கடற்படையினரின் நிழலில் அரியணையிலிருந்து இறக்கினர். 1898-ல் ஹவாய் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஸ்பெயினோடு போர் புரிந்து, இரண்டு கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன் தீவுகளையும் அமெரிக்கா பெற்றுக்கொண்டது. தீவினரை எவரும் சம்மதம் கேட்கவில்லை. அவர்கள் 1899 முதல் ஆயுதமேந்திப் போராடினர். மார்க் ட்வெயின் போன்றோர் தம் நாட்டின் செயலைத் தாமே கண்டித்தனர் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று.

நம் நெகிரி செம்பிலானிலும் இதே நாடகம் சிறிய மேடையில் நடந்தது. லிங்கி ஆற்றின் வழியே இறங்கும் ஈயத்தின் சுங்கத்தைப்பற்றி டத்தோ கிளானாவுக்கும் டத்தோ பண்டாருக்கும் பூசல் மூண்டது. 1874-ம் ஆண்டில் கிளானா சையது அப்துல் ரகுமான் ஆங்கிலேயரின் பாதுகாப்பைப் பெற்றார். குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான் பின்னர் நிகழ்ந்தது. ஆலோசனை கூறுவதற்கென்று வந்த ரெசிடென்ட் ஆட்சி புரிபவரானார். 1889 முதல் மற்றைச் சிறு நாடுகளுக்கு மார்ட்டின் லிஸ்டர் ரெசிடென்டாக இருந்தார். 1895-ல் சுங்கை ஊஜோங் அவற்றோடு சேர்ந்தது. 1896-ல் எல்லாம் ஐக்கிய மலாய் நாடுகளின் ஓர் உறுப்பாயின. ஹவாயில் சர்க்கரை, இங்கே ஈயம். பண்டம் வேறாயினும் முறை ஒன்றே.

ஆட்சி வந்தபின் பாதை வந்தது. 1891-ம் ஆண்டில் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சன் துறைமுகத்துக்கு இருப்புப் பாதை திறக்கப்பட்டது. இலைநோயால் இலங்கையின் காபித் தோட்டங்கள் அழிந்தபின், அங்கிருந்து தோட்டத் துரைமார் சிலர் இங்கு வந்து காபி பயிரிட்டனர். ஆனால் பிரேசில் நாட்டார் காபியை மலைபோற் குவிக்கவே, 1890-க்களின் பிற்பகுதியில் விலை வீழ்ந்தது. அத்தருணத்தில்தான் ரப்பர் கைகொடுத்தது. 1876-ல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டுசென்ற ஏறக்குறைய 70,000 விதைகளின் வழித்தோன்றிய கன்றுகள், 1877-ல் சிங்கப்பூர் வந்தன. 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் அதனை வாணிகத்துக்காகப் பயிரிட்டார். மரத்தைக் கொல்லாமல் பால் வெட்டும் முறையை 1897-ல் ரிட்லி தெளிவாக்கினார்.

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சுட்டு உறுதியாக்கும் முறையை 1839-லேயே கண்டறிந்த குட்இயர் ஓர் அமெரிக்கர். 1892-ல் ரப்பர்ப் பாதரட்சை செய்வோர் பலர் ஒன்றுகூடி யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் கம்பெனி என்ற கூட்டை அமைத்தனர். 1890-க்களில் சைக்கிள் மோகம் அந்நாட்டைப் பற்றிற்று. 1908-ல் போர்டு மலிவான மோட்டார் வண்டியை வெளியிட்டார். அக்ரன் நகரத்து டயர் ஆலைகள் எவ்வளவு ரப்பர் கிடைப்பினும் விழுங்கின. 1910-ல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. நம் நாட்டின் காடுகள் வெட்டுண்டன. 1920-க்குள் ஏறக்குறைய இருபது லட்சம் ஏக்கரில் பால்மரம் நின்றது. இத்தனை மரத்துக்கும் கை எங்கே? தஞ்சை, திருச்சி, சேலம், வடஆற்காடு முதலிய ஜில்லாக்களை நோக்கிக் கங்காணி கப்பலேறினான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அடிமை ஒழிந்தபின் உழைப்பவன் உண்மையில் விடுதலை பெற்றானா? ஜோதிராவ் பூலே 1873-ல் தாம் எழுதிய 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின மக்களை அடிமைத்தளையினின்று விடுவித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். சாதிக்கொடுமையால் நசுங்கிய நம்மவர்க்கு அவ்விடுதலை ஒரு விடிவெள்ளியாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயின் விடுபட்டவர்க்கு நிலம் கிடைக்கவில்லை. அவர்கள் பழைய எசமானனின் வயலை வாரத்துக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் பட்ட கடன் தீராமல் அங்கேயே கட்டுண்டனர். 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'தனித்தனியே வைத்தாலும் சமமே' என்று தீர்ப்பளித்து ரயில் வண்டியில் நிறப்பிரிவினையை ஒப்புக்கொண்டது. இங்கே 1910-ல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது; ஆனால் கங்காணியின் முன்பணமும் கடைக்காரன் கடனும் ஒழியவில்லை. சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்களும் இருந்தன. 'தனித்தனியே ஆயினும் சமம்' என்ற பொய்யை நாம் அமெரிக்கரிடமிருந்து கற்க வேண்டிய தேவையே இருக்கவில்லை!

தோட்ட மக்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சிகாகோவுக்கு அருகில் ரயில் வண்டி செய்யும் புல்மன் என்ற முதலாளி, தம் தொழிலாளருக்காக 1880-க்களின் தொடக்கத்தில் ஒரு நகரையே கட்டினார். வீடு, கடை, தண்ணீர், புத்தகசாலை அனைத்தும் கம்பெனிக்கே சொந்தம். கண்டோர் அதனை மெச்சினர். 1893-ல் தொழில் மந்தம் வந்தது. கம்பெனி கூலியைக் குறைத்தது. வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. 1894 மே மாதத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். யூஜீன் டெப்ஸ் தலைமையில் இருந்த ரயில்வே சங்கம் அவர்களுக்குத் துணைநின்றது. நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது, ஜனாதிபதி கிளீவ்லாந்து படையை அனுப்பினார், டெப்ஸ் சிறை சென்றார், வேலைநிறுத்தம் முறிந்தது. ஆயினும் 1898-ல் இல்லினாய் மாகாண உச்ச நீதிமன்றம், தொழில் நடத்தும் கம்பெனிக்கு ஒரு நகரைச் சொந்தமாக வைத்திருக்க உரிமையில்லை எனத் தீர்ப்புக் கூறிற்று.

இதனைப் படிக்கும் தோட்டவாசி, இது நம் கதையன்றோ என்பான். லயம் தோட்டத்துடையது, தண்ணீர்க் குழாய் தோட்டத்துடையது, மருந்தகமும் கள்ளுக்கடையும் தோட்ட எல்லைக்குள்ளேயே இருந்தன. செக்குரோல் எழுதும் கிராணிமாராகிய நாம், கூலிக்கும் பிடித்தத்துக்கும் இடையே மிஞ்சுவது எவ்வளவு என்பதை மாதந்தோறும் காண்பவர்கள். வேலை போனால் வீடும் போம் என்ற அச்சம் உள்ளவன், நியாயத்தைக் கேட்க வாய் திறவான். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வாய் திறந்தனர். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு இவற்றோடு, துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளினின்று இறங்கவேண்டிய கட்டாயம் நீங்கவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. தாம் வெட்டிய பாலில் உருவான சக்கரத்தின்மேல் நிமிர்ந்து அமர்ந்து செல்லவும் அவர்கள் போராட வேண்டியிருந்தது! தலைவர் நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சிலர் குண்டுக்கு இரையாயினர்.

புல்மன் வேலைநிறுத்தம் தோற்றதற்கு அரசாங்கத்தின் கை மட்டும் காரணமன்று. டெப்ஸின் சங்கம் கறுப்பின மக்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. டெப்ஸ் அதனை எதிர்த்தும் அவர் சொல் எடுபடவில்லை. ஒதுக்கப்பட்டவன், ஒதுக்கியவனுக்காக ஏன் பட்டினி கிடப்பான்? அதற்கு முன்னரே, 1882-ல் சீனத் தொழிலாளர் நுழைவைத் தடுத்த சட்டத்துக்கும் வெள்ளைத் தொழிலாளரே முழக்கமிட்டனர். மலையைக் குடைந்து பாதையமைத்த கைகளுக்கு அவர்கள் காட்டிய நன்றி அது. முதலாளிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? சாதி பார்த்து ஒரே கிணற்றில் நீரெடுக்க மறுப்போர், ஒரே சங்கத்தில் எங்ஙனம் நிற்பர் என்பதை நம்மவர் எண்ணிப் பார்த்தல் நலம்.

நம் மாநிலம் இவ்வகையில் வெறுங்கையாய் நின்றதன்று. போருக்குப் பின் நெகிரி செம்பிலான் தொழிற்சங்க இயக்கத்தில் வளர்ந்த பி. பி. நாராயணன் போன்றோர் முயற்சியால், பல சங்கங்கள் இணைந்து 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. ஆயினும் சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் அந்நிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக்கி விற்றபோது, குடும்பங்கள் பல வேலையோடு வீட்டையும் இழந்தன. அந்நிலையை ஆராய்ந்து உங்கு அசிஸின் அறிக்கை வெளிவந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய் வீட்டுமனை வந்தது. வேற்று நாட்டுத் தொழிலாளர், நம் பாட்டனார் வந்தது போலவே, கடனோடு கப்பலும் விமானமும் ஏறி வந்தனர். மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் தன் பெயரில் ஒரு கூரையின்றி வெளியேறும் காட்சியை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே, இச்சரித்திரத்தைப் படித்துச் சரி என்று மூடிவைத்தல் போதாது. அமெரிக்க நீதிமன்றம் 1898-ல் கேட்ட கேள்வியை நம் தோட்டங்களில் நாம் கேட்டல் வேண்டும்: வேலை கொடுப்பவனே வீட்டுக்கும் உடையவனாக இருத்தல் தகுமா? உழைத்தவன் பெயரில் வீடு பதிவாதல் வேண்டும். சங்கத்தில் சாதியும் இனமும் பாராமை வேண்டும். புதிதாக வந்த அயல்நாட்டுத் தொழிலாளியை, 1882-ல் சீனனை நோக்கிய கண்ணால் நோக்காதிருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்கும் சரித்திரமும் ஒருசேரக் கற்பிப்போம். தன் உழைப்பு எந்நாட்டில் என்ன விலை போகிறதென்று அறிந்த பிள்ளை, எவர் எதிரிலும் சைக்கிளை விட்டு இறங்கான்.