தொண்டர்களை வழிநடத்துவோருக்கான பயிற்சி: சென்னை முதல் திருப்பெரும்புதூர் வரை

தமிழ்நாட்டில் தன்னார்வத் தொண்டுக்கு நீண்ட மரபு உண்டு. ஆனால் அத்தொண்டர்களைத் திரட்டி, அவரவர் ஆற்றலுக்கேற்ற பணியைப் பிரித்துக்கொடுத்து, அவர்களது பாதுகாப்புக்குப் பொறுப்பேற்று, அவர்கள் மனம் சலித்து விலகிவிடாமல் காக்கும் பணியைச் செய்வோருக்கான முறையான பயிற்சியின் வரலாறு குறுகியது, அதிகம் பேசப்படாததும்கூட. ஊதியத்துக்கு வேலை செய்பவரை ஊதியமும் பணிவிதிகளும் கட்டுப்படுத்துகின்றன. தொண்டரோ எந்நேரமும் விலகிச் செல்லும் உரிமை உடையவர். ஆகவே அவரை வழிநடத்துவது அலுவலக மேலாண்மையிலிருந்து வேறுபட்ட தனித்திறன் என்பதையும், அதைக் கற்பிக்கவும் கற்கவும் முடியும் என்பதையும் நிறுவனங்கள் உணர்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அவ்வுணர்வு சென்னையிலும் அதன் தென்புறத்திலும் வளர்ந்த விதத்தையும், நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலர்களுக்கான பயிற்சி அடைந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தொண்டர் தலைவர்களுக்கு முதலில் ஒழுங்கான பயிற்சி முறையை வகுத்தது சாரணர் இயக்கம் எனலாம். லண்டனை அடுத்த கில்வெல் பூங்காவில் 1919 செப்டம்பரில் தொடங்கிய ‘உட் பேட்ஜ்’ பயிற்சியில், சாரண ஆசிரியராக விரும்பும் பெரியவர்களே சிறுவர்களைப்போல அணிகளாகப் பிரிந்து, கூடாரத்தில் தங்கி, சமைத்து, காடு சுற்றிக் கற்றனர். வழிநடத்தப்போகிறவர் முதலில் வழிநடத்தப்படும் அனுபவத்தைப் பெற வேண்டும் என்னும் அடிப்படை அங்கே உருவாயிற்று. சென்னையில் முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் அமைப்பைத் தோற்றுவித்திருந்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது பொது அமைப்போடு இணைந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1950-இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கம் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் தேசியப் பயிற்சி மையத்தை அமைத்துக்கொண்டது.

இரண்டாவது ஊற்று சென்னைப் பெண்களின் தொண்டமைப்புகள். 1923-இல் தோன்றிய ‘கில்டு ஆஃப் சர்வீஸ்’ அமைப்பைப் பிற்காலத்தில் வழிநடத்திய மேரி கிளப்வாலா ஜாதவ் (1909–1975), இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-இல், படைவீரர்களுக்கான விருந்தோம்பல் குழுவைத் தொடங்கினார். மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்திப்பது, நடமாடும் சிற்றுண்டிச் சாலை நடத்துவது போன்ற பணிகளுக்காக எண்ணற்ற பெண்களை ஒருங்கிணைத்த அந்த அனுபவம், நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதைக் காட்டியிருக்க வேண்டும். 1952-இல் அவர் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவியதை, தொண்டு என்பது கற்றறிந்து செய்ய வேண்டிய பணியாகக் கருதப்படத் தொடங்கியதன் அடையாளமாகக் கொள்ளலாம். இந்தியாவில் இத்துறையின் முதல் கல்விநிலையம் 1936-இல் பம்பாயில் தொடங்கிய டாடா பள்ளி. சென்னைப் பள்ளி அதற்குப் பதினாறு ஆண்டுகள் இளையது. எனினும் இப்பள்ளிகள் உருவாக்கியது ஊதியம் பெறும் சமூகப்பணியாளரையே. தொண்டரை நடத்துவோருக்கெனத் தனிப் பாடம் என்பது அப்போது எழவில்லை.

அத்தேவையைப் பேரளவில் உருவாக்கியது அரசுதான். மாணவர் தாமாக முன்வந்து நாட்டுப்பணியில் ஈடுபட வேண்டும் என்று இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு முன்மொழிந்தது, 1959-இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழுவும், பிறநாட்டு முறைகளை ஆராய்ந்த கே.ஜி. சையிதைனும், 1964–66 கோத்தாரிக் கல்விக் குழுவும் அதனை மேலும் வடிவமைத்தனர். காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ‘நான் அல்ல, நீங்கள்’ என்பது அதன் குறிக்கோளுரை.

இத்திட்டத்தின் அச்சாணி திட்ட அலுவலர். அவர் முழுநேரத் தொண்டுப் பணியாளர் அல்லர். வேதியியலோ வணிகவியலோ தமிழோ கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர், தம் வகுப்புகளுக்கு மேலாக நூறு மாணவர் கொண்ட ஓர் அலகின் பொறுப்பை ஏற்கிறார். ஒவ்வொரு மாணவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணிநேரப் பணியை முடிக்க வேண்டும். அலகில் பாதிப்பேர் தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் சிறப்பு முகாமில் தங்க வேண்டும். அந்த ஏழு நாள்களில் ஓர் ஆசிரியர் செய்யும் வேலையின் வகைகளை எண்ணிப் பார்த்தாலே பயிற்சியின் தேவை விளங்கும். ஊராட்சித் தலைவரிடம் ஒப்புதல் பெறுவது, பள்ளிக்கூடத்தில் தங்குமிடம் கேட்பது, மாணவியர் தங்கும் அறைக்குப் பூட்டும் கழிப்பறைக்குத் தண்ணீரும் உறுதிசெய்வது, ஐம்பது பேருக்குச் சமையல் ஏற்பாடு, வெயிலில் மயங்கி விழுபவருக்கு முதலுதவி, ஊரில் இரு தரப்பினரிடையே மனக்கசப்பு இருந்தால் அதில் மாணவர் சிக்காமல் காப்பது, இரவில் பணிப்பதிவேட்டை நிரப்புவது, பின்னர் செலவுக் கணக்கைப் பற்றுச்சீட்டுகளுடன் ஒப்படைப்பது என அது நீள்கிறது. முனைவர் பட்டம் பெற்ற ஒருவர்கூட இவற்றில் எதையும் தம் படிப்பில் கற்றிருக்க வாய்ப்பில்லை.

ஆகவே பொறுப்பேற்ற அலுவலருக்கு அறிமுகப் பயிற்சியும், சில காலம் பணியாற்றியபின் புத்தொளிப் பயிற்சியும் வழங்கும் மையங்கள் சமூகப்பணிக் கல்வி நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அமைக்கப்பட்டன. அவற்றின் இடத்தைப் பின்னாளில் பட்டியலிடப்பட்ட பயிற்சி நிறுவனங்கள் பெற்றன. அறிமுகப் பயிற்சி திட்டத்தின் நோக்கம், விதிகள், நிதி, பதிவேடு ஆகியவற்றை அறிமுகப்படுத்துவது. புத்தொளிப் பயிற்சி களத்தில் கண்ட சிக்கல்களைப் பகிர்ந்து தீர்வு காண்பது. 1990-களில் பங்கேற்பு முறை ஊரக மதிப்பீடு பரவியபோது பயிற்சியின் உள்ளடக்கமும் செழித்தது. ஊர் மக்களே தெரு நடுவில் கோலப்பொடியால் தம் ஊரின் படத்தை வரைந்து, குடிநீர்க் குழாய் எட்டாத வீடுகளையும் மழைநீர் தேங்கும் இடங்களையும் தாமே குறித்துக் காட்டுவது அம்முறையின் ஓர் அங்கம். அதைக் கற்ற அலுவலர், தம் மாணவர் செய்ய வேண்டிய பணியைத் தாமே தீர்மானிக்காமல் ஊராரிடம் கேட்டுத் தீர்மானிக்கிறார். இப்பயிற்சி வரலாற்றின் மிக மதிப்புள்ள பேறு இதுவே.

மேலைநாடுகளில் இத்துறை வேறு வழியில், தொழில்முறைச் சங்கமும் சான்றிதழும் கொண்ட தனித்தொழிலாக வளர்ந்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் தொண்டர் ஒருங்கிணைப்பாளர்கள் 1960-லேயே தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். இப்போது நவம்பர் 5 அன்று வரும் பன்னாட்டுத் தொண்டர் மேலாளர் நாளைக் கொண்டாடும் வழக்கம் 1999-இல் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய தனித்தொழில் இன்னும் உருப்பெறவில்லை.

தென்சென்னைப் புறநகரைப் பொறுத்தவரை, 1993-இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் அமைந்தது பெரிய திருப்பம். 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும், 2012-இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்னும் தகுதியும் பெற்ற இது, நாட்டு நலப்பணித் திட்டத்தினருக்கும் 1972-இல் தொடங்கிய நேரு இளைஞர் மையங்களின் அலுவலர்களுக்கும் பயிற்சியளிக்கும் பொறுப்புடையது. 1937-இலேயே தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஒருபுறமும் இந்நிறுவனம் மறுபுறமும் இருக்க, தாம்பரம்–வாலாஜாபாத் சாலையில் அமைந்த புறநகரான படப்பை இடையில் நிற்கிறது. கல்லூரியும் பயிற்சி நிறுவனமும் இருபுறமும் அமைந்த இத்தகைய வாய்ப்பு எல்லாப் புறநகர்களுக்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அவ்வாய்ப்பைப் பயன்படுத்த வேண்டிய அவசியத்தை 2015 டிசம்பர் வெள்ளம் உணர்த்தியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்து, அடையாற்றின் வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது, எவரும் அழைக்காமலே இளைஞர்கள் படகும் உணவுப் பொட்டலமுமாக வந்து சேர்ந்தனர். அவர்களது துணிவு போற்றத்தக்கது. ஆனால் எந்தத் தெருவுக்கு எது தேவை, யார் எங்கே சென்றுள்ளனர் என்று ஓரிடத்தில் பதிவுசெய்யும் பயிற்சி பெற்றவர் இல்லாத இடத்தில் அத்துணிவின் பயன் குறைந்துவிடும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் இணைந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலேயே ஒருங்கிணைப்பு மையம் நடத்தி, வந்துசேர்ந்த அமைப்புகளை ஊர்வாரியாகப் பகிர்ந்தளித்தது இதற்கான தமிழ்நாட்டு முன்மாதிரி. அந்த அனுபவம் திட்ட அலுவலர் பயிற்சியில் நிலையான பாடமாக இடம்பெறத் தகுந்தது.

2023 அக்டோபர் 31 அன்று தொடங்கப்பட்ட ‘மேரா யுவ பாரத்’ அமைப்பு, தொண்டர் பதிவை இணையத்துக்குக் கொண்டுவந்துள்ளது. பெயர்ப்பதிவு எளிதாகிவிட்டது, பதிந்தவரை வழிநடத்தும் ஆளை உருவாக்கும் வேலை அப்படியே எஞ்சியுள்ளது. திட்ட அலுவலர்களை உருவாக்குவதிலுள்ள அடிப்படைக் குறை பதவிக்கால முறையில் இருக்கிறது. திட்ட அலுவலர் மூன்று, நான்கு ஆண்டுகளில் பொறுப்பிலிருந்து விலகுகிறார். முதல் ஆண்டு கற்பதிலும் அடுத்த ஆண்டு பிழைகளைத் திருத்துவதிலும் கழிய, திறன் முதிரும் வேளையில் புதியவர் வந்து முதலிலிருந்து தொடங்குகிறார். சுழற்சி முறை பலருக்கு வாய்ப்பளிப்பது உண்மை. ஆனால் அதனால் சேரும் அனுபவம் எங்கும் தேங்காமல் கரைந்துவிடுகிறது. ஆசிரியரின் பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்புக்கு இணையான மதிப்பு முகாம் நடத்தியதற்குக் கிடைப்பதில்லை என்பதும் இக்குறையை ஆழமாக்குகிறது. பொறுப்பு முடிந்த திட்ட அலுவலர்களைப் பல்கலைக்கழகங்கள் பயிற்றுநர்களாக முறைப்படி அமர்த்தி, அவர்கள் நடத்திய முகாம்களின் பதிவேடுகளையே பாடநூலாக்க வேண்டும். அதை முதலில் செய்வதற்கான எல்லா வசதியும் தாம்பரத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடைப்பட்ட இப்பகுதியில் இருக்கிறது.