எங்கிருந்து முளைத்தது? தண்டுவட மீளுருவாக்க ஆய்வு வரலாற்றில் சான்று குறித்த சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

முறிந்த தண்டுவடம் மீண்டும் வளராது என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டில் எவ்வாறு நிலைபெற்றது, எவ்வாறு தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தெல்லோ, அகுவாயோ ஆகியோரின் விலங்குச் சோதனைகளையும் ஜப்பானின் அண்மைக்காலக் குருத்தணுச் சிகிச்சைகளையும் ஒரே கேள்வியின் வழியே இது அணுகுகிறது: காணப்பட்ட வளர்ச்சி எங்கிருந்து வந்தது?

திறவுச்சொற்கள்: தண்டுவடக் காயம், குருத்தணு (ஸ்டெம் செல்), மீளுருவாக்க மருத்துவம், ஒப்பீட்டுக் குழு, மறுவாழ்வு மருத்துவம்.

முன்னுரை

தண்டுவடக் காயம் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் ஒன்று எகிப்தில் கிடைத்தது. கி.மு. 1600ஐ ஒட்டிப் படியெடுக்கப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், கழுத்து முள்ளெலும்பு விலகியதால் கைகால்களின் உணர்வை இழந்த ஒருவனது நிலையை விவரித்துவிட்டு, இது மருத்துவம் செய்யத்தக்க நோயன்று என முடிக்கிறது.

ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்குப் பின் அம்முடிவுக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்தது. ஸ்பெயின் நாட்டு நரம்பியலாளர் சாந்தியாகோ ரமோன் இ காஹால், நரம்புகளின் சிதைவும் மீள்வளர்ச்சியும் குறித்த தம் பெருநூலை 1913-14இல் வெளியிட்டார். 1928இல் அது ஆங்கிலத்தில் வந்தது. முதிர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த நரம்பிழைகள் சிறிது முளைத்துப் பின் நின்றுவிடுகின்றன என்பது அவர் கண்டது. இந்நிலையை ஒரு கடுந்தீர்ப்பாகக் குறிப்பிட்ட அவர், அதனை மாற்றுவது வருங்கால அறிவியலின் பணி என்றும் அவ்விடத்திலேயே எழுதினார். பின்வந்தோர் பெரும்பாலும் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

தெல்லோவின் முயல்கள்

காஹாலின் மாணவரான பிரான்சிஸ்கோ தெல்லோ 1911இல் ஒரு சோதனையை வெளியிட்டார். காலுக்குச் செல்லும் நரம்பு அறுந்தால் மீண்டும் வளரும். மூளையின் நரம்பிழை வளர்வதில்லை. இவ்வேறுபாடு இழையிலேயே உள்ளதா, இழை இருக்கும் சூழலில் உள்ளதா? இதனை அறிய முயலின் தொடை நரம்புத் துண்டொன்றை எடுத்து அதன் மூளைப் புறணியில் பதித்தார். மூளையின் இழைகள் அத்துண்டுக்குள் நுழைந்து வளர்ந்ததாக அவர் கண்டார். அப்படியானால் குறை இழையில் இல்லை, சூழலில்தான் உள்ளது.

இத்தகைய முடிவு அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பயனின்றிக் கிடந்தது. 1940களில் இங்கிலாந்தின் லெ கிராஸ் கிளார்க் இதே வகைச் சோதனையைச் செய்து, தெல்லோவின் முடிவை உறுதிசெய்ய இயலவில்லை என்றார். தெல்லோ மறக்கப்பட்டதற்குக் காஹாலின் புகழைக் காரணமாகச் சொல்வது எளிது. ஆனால் காஹாலே தம் நூலில் தெல்லோவின் சோதனையை ஏற்று விவாதித்திருக்கிறார். உண்மையான தடை கருவியில் இருந்தது என்றே கருத வேண்டியுள்ளது. வெள்ளி உப்புச் சாயம் இழைகளைக் கருநிறத்தில் தெளிவாகக் காட்டும். அவ்விழை எந்த அணுவிலிருந்து புறப்பட்டது என்பதைக் காட்டாது. நரம்புத் துண்டுக்குள் தெரிந்த இழை மூளையிலிருந்து வந்ததா, அருகிலுள்ள புற நரம்புகளிலிருந்து நழுவி வந்ததா என்று எவரேனும் கேட்டால் விடை சொல்ல வழியில்லை.

விடை 1970களில் வந்தது. குதிரைமுள்ளங்கியிலிருந்து பெறப்படும் பெராக்சிடேஸ் என்னும் நொதியை இழையின் ஒரு முனையில் வைத்தால், இழை அதனை உறிஞ்சித் தன் தாய் அணுவரை கொண்டுசெல்கிறது. பின்னர்த் திசுவைச் சீவி நிறமேற்றினால் தாய் அணு அடையாளம் காட்டப்படும். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் அகுவாயோவின் குழு இம்முறையைக் கையாண்டது. 1980இல் ரிச்சர்ட்சனும் 1981இல் டேவிடும் அவருடன் இணைந்து வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் திருப்புமுனைகள். எலியின் மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் இடையே ஒரு நரம்புத் துண்டைப் பாலமாக வைத்தபோது, மைய நரம்பு மண்டலத்தின் இழைகளே அதனுள் சுமார் 3 செ.மீ. வளர்ந்தன. ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் பாலத்தின் மறுமுனையில் தண்டுவடத்தைத் தொட்டதும் சில மில்லிமீட்டரில் அவை நின்றுவிட்டன.

அந்த மறுமுனையே அடுத்த ஆய்வுகளின் களமாயிற்று. சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப் 1988இல் இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களைக் கண்டறிந்தார். 1998இல் மனிதக் கருக் குருத்தணுக்களும் 2007இல் மனிதத் தோலணுவிலிருந்து தூண்டப்பட்ட பன்திறன் குருத்தணுக்களும் கிடைத்தபின், தடையை நீக்குவதோடு இழந்த அணுக்களுக்கு மாற்று வைப்பதும் இலக்காயிற்று. 2010இல் அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் கருக் குருத்தணு வழியான அணுக்களை முதன்முதலாகத் தண்டுவடக் காயமுற்றோர்க்குச் செலுத்தியது. 2011 நவம்பரில் நிதிக் காரணங்களால் ஆய்வைக் கைவிட்டது.

முன்னேற்றத்தின் பிற ஊற்றுகள்

மனிதரிடம் வரும்போது கேள்வி கடினமாகிறது. காயம்பட்ட முதல் சில மாதங்களில் தண்டுவட நோயாளருள் ஒரு பகுதியினர் எவ்விதப் புதுச் சிகிச்சையும் இன்றியே ஓரளவு தேறுவர். தொடக்கத்தில் செயலற்றதாகத் தோன்றும் தண்டுவடம் அதிர்ச்சி தணிந்தபின் விழித்துக்கொள்வதும் உண்டு.

மற்றோர் ஊற்று மறுவாழ்வு மருத்துவம். படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறப்பதே இந்நோயாளரின் விதியாக இருந்த காலத்தை, 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவு மாற்றத் தொடங்கியது. தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். அங்கு 1966இல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. குருத்தணு பற்றிய எழுத்துகளில் இத்தகையோர் பெயர் வருவதில்லை. ஆனால் நோயாளர் ஒருவர் மாதக்கணக்கில் பயிற்சி பெற்றுத் தேறும்போது, அத்தேர்ச்சியில் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று கேட்காமல் அணுவின் பங்கைச் சொல்ல முடியாது.

ஜப்பானின் தீர்ப்பு

2014 நவம்பரில் ஜப்பானில் நடைமுறைக்கு வந்த சட்டம் மீளுருவாக்க மருத்துவத்துக்கு ஒரு குறுக்குவழியைத் திறந்தது: பாதுகாப்பு உறுதியாகி, பயன் இருக்கக்கூடும் என்று தோன்றினாலே நிபந்தனையுடன் ஒப்புதல் தரலாம், பயனை விற்பனைக் காலத்தில் மெய்ப்பிக்கலாம். 2018 டிசம்பரில் சப்போரோ மருத்துவப் பல்கலைக்கழகமும் நிப்ரோ நிறுவனமும் உருவாக்கிய ஸ்டெமிராக் இவ்வழியில் 7 ஆண்டுகளுக்கு ஒப்புதல் பெற்றது. நோயாளரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துப் பெருக்கிய அணுக்களை இரத்த நாளத்தில் ஏற்றும் முறை இது. அடிப்படைச் சான்று 13 நோயாளர். அவர்களுள் 12 பேர் தேறினர். ஒப்பீட்டுக் குழு இல்லை. விலை சுமார் 1.5 கோடி யென்.

12 பேர் தேறினர் என்பதை மறுப்பதற்கில்லை. அவர்களைத் தேற்றியது எது என்பதே வினா. காயம்பட்ட சில வாரங்களுக்குள், இயல்பாகத் தேறும் காலத்திலேயே அணுக்கள் ஏற்றப்பட்டன. மறுவாழ்வுப் பயிற்சியும் நடந்தது. இரத்த நாளத்தில் செல்லும் இவ்வகை அணுக்களில் பெரும்பகுதி நுரையீரலில் தங்கிவிடுவதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. செயலிழந்து கிடப்பவரைப் போலிச் சிகிச்சைக் குழுவில் சேர்ப்பது அறமாகாது என்பது ஆதரவாளர் வாதம். அவ்வாதத்துக்கு எடை உண்டு. ஆயினும் பயன் மெய்ப்பிக்கப்படாத ஒன்றைப் பொதுக் காப்பீட்டுப் பணத்தில் விற்பதன் அறம் அதனினும் எளிதில் விளங்குவதன்று.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் வேறு நிலைப்பாட்டை எடுத்தன. இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றம் போன்ற ஏற்கப்பட்ட பயன்களைத் தவிர மற்றவை முறையான ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். ஆய்வில் சேர்வோரிடம் கட்டணம் வாங்குவது ஆய்வாகாது என்னும் இதன் உட்பொருள், நிலத்தை விற்றுச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு எந்த அறிவியல் விளக்கத்தையும்விட நேரடியாகப் பயன்படுவது.

2025 மார்ச்சில் கெய்யோ பல்கலைக்கழகம், தூண்டப்பட்ட பன்திறன் குருத்தணுவிலிருந்து பெற்ற நரம்பு முன்னோடி அணுக்களை நால்வருக்குச் செலுத்திய முடிவை அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் 20 இலட்சம் அணுக்கள். கடும் பக்கவிளைவு ஏதும் காணப்படவில்லை. இருவர் தேறினர், அவருள் ஒருவர் தாமே எழுந்து நின்று நடைப்பயிற்சியைத் தொடங்கினார். ஸ்டெமிராக்கைப் போலன்றி இங்கு அணுக்கள் தண்டுவடத்திலேயே வைக்கப்பட்டன. ஆனால் அவருள் வளர்ந்த இழை எந்த அணுவிலிருந்து புறப்பட்டது என்பதை அகுவாயோ கண்டது போல் எவரும் காண முடியாது. குதிரைமுள்ளங்கி நொதி தன் விடையைச் சீவிய திசுவில்தான் காட்டும். உயிரோடிருக்கும் மனிதரிடம் அக்கேள்விக்கு எஞ்சியுள்ள கருவி ஒப்பீட்டுக் குழு ஒன்றே. நால்வர் கொண்ட ஆய்வில் அதற்கு இடமிருக்கவில்லை.