தர்ஜினிக்குப் பின் யார்?

புத்தூர்ச் சந்தியிலிருந்து சுன்னாகம் நோக்கிச் செல்லும் வீதியில் நிலாவரைக் கிணற்றைக் கடந்து சென்றால், புகையிலையும் வெங்காயமும் விளையும் செம்மண் தோட்டங்களின் நடுவே ஈவினை என்னும் சிற்றூர் வரும். புன்னாலைக்கட்டுவனை ஒட்டிய ஊர். வலைப்பந்தாட்ட உலகில் தர்ஜினி சிவலிங்கம் என்ற பெயரை அறியாதவர் இல்லை. அவர் பிறந்த ஊர் இதுவே. அவரது உயரம் 208 சென்றிமீற்றர், அதாவது ஆறடி பத்து அங்குலம்.

நிலாவரைக் கிணற்றின் ஆழத்தை அளந்துவிட வேண்டும் என்று எத்தனையோ பேர் கயிறும் கருவியும் கொண்டு வந்திருக்கிறார்கள். அதே சுற்றுவட்டாரத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளின் உயரத்தை அளந்து, எந்த விளையாட்டுக்கு எவர் பொருந்துவார் என்று குறித்துக்கொள்ள வந்தவர்கள் எத்தனை பேர்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

இலங்கை அணி உலகக் கிண்ணத்தில் தோற்கும்போதெல்லாம் இரசிகர்களிடமிருந்து இரண்டு முறைப்பாடுகள் எழும். ஒன்று தெரிவு பற்றியது, மற்றது பயிற்சி பற்றியது. யாழ்ப்பாணத்தில் இவற்றுடன் மூன்றாவதாக ஒன்றும் சேரும்: கொழும்பு நம் பிள்ளைகளை எடுக்காது என்பது. நாடு கடந்து வந்த பாதையை அறிந்த எவரும் அந்தச் சந்தேகத்தை எள்ளி நகையாட மாட்டார்கள். ஆயினும் தெரிவுக்குழுவின் மேசைக்கு ஒரு பெயர் போய்ச் சேர்வதற்கு முன்பே அழிந்துபோகும் பெயர்கள் எத்தனை என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த அழிவு நிகழ்வது கொழும்பிலன்று, நமது கிராமங்களில்.

முதலில் பயிற்சி பற்றிய முறைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் நியாயம் உண்டு என்பதற்கு 2019 போதும். அவ்வாண்டு இங்கிலாந்தின் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் அதிக கோல்களைப் போட்டவர் தர்ஜினி. முந்நூறுக்கும் மேல். அப்போது அவருக்கு வயது நாற்பது. பங்குபற்றிய பதினாறு நாடுகளில் இலங்கை பெற்ற இடமோ பதினைந்து. உலகின் முதன்மைக் கோல் வீராங்கனை ஓர் அணியில் இருக்க, அந்த அணி கடைசிக்கு முதலிடத்தில் நிற்கிறது என்றால், ஆட்டத்தின் எஞ்சிய பகுதி எவ்வளவு வெறுமையாக இருந்திருக்க வேண்டும்!

வலைப்பந்தாட்ட விதிகளை அறியாதவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். ஓர் அணியில் எழுவர். ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியைத் தாண்டக் கூடாது. கோல் சூட்டர் எனப்படுபவர் எதிரணியின் வளையம் இருக்கும் பகுதியை விட்டு வெளியேற முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. மூன்று வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே பந்து மத்திய பகுதியைக் கடந்து, அரைவட்டத்தின் விளிம்புவரை கைமாறி வந்தால் மட்டுமே கோல் சூட்டருக்கு வேலை. 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கும் வளையத்துக்கு ஆறடி பத்து அங்குலப் பெண் கையை நீட்டினால் பந்து விழும். ஆனால் பந்து அவரிடம் வர வேண்டுமே!

அந்தத் தொடரில் சிம்பாப்வேயிடம் இலங்கை 49–79 என்ற கணக்கில் தோற்றது. அந்த 79ஐத் தடுப்பதற்கு விதிப்படி தர்ஜினியால் ஒரு விரலையும் அசைத்திருக்க முடியாது. மைதானத்தின் மறுமுனையில் நடப்பதை அவர் நின்று பார்க்க மட்டுமே முடியும். உயர்த்தி எறி, அவர் பிடிப்பார் என்பதே பல ஆண்டுகளாக நமது தந்திரமாக இருந்தது. ஆசியாவில் அது செல்லுபடியாயிற்று. 2009இல் கிண்ணம் கிடைத்தது. சில காலம் அணிக்கு வெளியே இருந்தவர் மீள அழைக்கப்பட்ட 2018இல் சிங்கப்பூர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 69–50 என வென்றோம். அங்கேயே 2022இல் 63–53. உலக அரங்கில் அதே தந்திரத்தை மற்றவர்கள் வெகு எளிதாக அவிழ்த்தார்கள். உயர்ந்து நிற்பவரை மறிக்கத் தேவையில்லை, அவருக்குப் பந்து எறிபவரை மறித்தால் போதும்.

ஒரு பயிற்றுவிப்பாளரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று. தேசிய அணிக்கு வந்த பின் பந்து கைமாற்றக் கற்பிக்க முடியாது. அது பதின்மூன்று, பதினான்கு வயதில், பாடசாலை மைதானத்தில் கைக்கு வர வேண்டிய பழக்கம்.

இந்த ஆட்டம் நமக்குப் புதிதன்று. 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கிய கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளுக்குச் சென்று, பலகையையும் பந்து தட்டலையும் இழந்து, வேறோர் ஆட்டமாக மாறிற்று. 1901இல் அதற்கெனத் தனி விதிகள் அச்சாயின. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை இதைப் பெண்கள் கூடைப்பந்தாட்டம் என்றே அழைத்தார்கள். நாட்டுக்கு நாடு வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்குவதற்கான கூட்டம் நடைபெற்றது எங்கே தெரியுமா? இலங்கையில், 1960இல். 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் நடந்த முதலாவது உலகச் சுற்றுப்போட்டியில் ஆடிய பதினொரு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. விதி எழுதப்பட்ட வீடு நம்முடையது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

யாழ்ப்பாணத்தில் கூடைப்பந்தாட்டம் பெரும்பாலும் நகரக் கல்லூரிகளோடு நின்றுவிட்டது. சீமெந்துத் தளமும் பலகையும் வேண்டுமென்பதால் அது காசுள்ள பாடசாலையின் ஆட்டம். கிராமங்களை ஆண்டது கரப்பந்தாட்டம். கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வோல்ற்றர் கமக் 1916இல் அதை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1991இல் அது தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. நம்மூர்க்காரர் அதற்கு முன்பே அதைத் தமதாக்கி, ஓவர் கேம் என்று தமக்கென ஒரு வடிவத்தையும் வைத்திருந்தார்கள். புத்தூரிலும் ஆவரங்காலிலும் மின்விளக்கொளியில் நடக்கும் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு கிராமம் ஒரு விளையாட்டை எப்படி வளர்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. அண்ணன் ஆடியதைத் தம்பி பார்த்து ஆடுகிறான். கழகத்தின் மூத்தவரே சம்பளமில்லாத பயிற்றுவிப்பாளர். தேடலும் பயிற்சியும் ஒரே வளவுக்குள் நடந்துவிடுகின்றன.

ஆனால் அந்த வளவுக்குள் பெண் பிள்ளைகளுக்கு இடம் இருக்கவில்லை. இதை எழுதச் சங்கடமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். பையனுக்குக் கழகம் இருந்தது. பெண்ணுக்குப் பாடசாலை மட்டுமே இருந்தது. பாடசாலை கைவிட்டால் அவளுக்கு வேறு வாசல் இல்லை. தன் உயரத்துக்காகப் பள்ளிக் காலத்தில் கேலிக்குள்ளானதைத் தர்ஜினியே பின்னாளில் செவ்விகளில் கூறியிருக்கிறார். வேறொரு நாட்டில் ஓடிவந்து அள்ளிச் சென்றிருக்கக் கூடிய உடலமைப்பு, நம்மிடத்தில் பட்டப்பெயருக்கு உரியதாயிற்று.

போரையும் மறந்துவிட முடியாது. 1995 ஒக்ரோபரில் ரிவிரெச நடவடிக்கை தொடங்கியபோது முதலில் அடிபட்ட ஊர்களுள் புத்தூரும் ஆவரங்காலும் அடங்கும். அம்மாத இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. அப்போது பதினைந்து, பதினாறு வயதில் இருந்த தலைமுறைதான் தர்ஜினியின் தலைமுறை. அந்த வயதில்தான் உலகின் பிற நாடுகளில் பிள்ளைகள் பயிற்சி முகாம்களில் இருப்பார்கள். இவர்கள் அகதி முகாம்களில் இருந்தார்கள். ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பின்னரே மீண்டும் திறந்தது. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிப்படியாக ஏற வேண்டிய பாடசாலைப் போட்டி முறை, படிகளே உடைந்து கிடந்த காலத்தில் யாரை மேலே கொண்டு சென்றிருக்க முடியும்?

ஆயினும் போர் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதுவது, கடன்காரன் செத்துப்போனவன் பெயரைச் சொல்லித் தப்புவதைப் போன்றது. இன்று கிராமப் பாடசாலை ஒன்றில் வலைப்பந்தாட்ட அணி எப்படி உருவாகிறது என்று பாருங்கள். கோட்டப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் அணி திரட்டப்படும். உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே மெய்வல்லுநர், கரப்பந்து, வலைப்பந்து எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அவர் நல்லவராக அமைந்து மூன்றாண்டு உழைத்தால் அணி எழும். இடமாற்றம் வந்தால் அணி விழும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் பெற்றோர் மகளை மைதானத்திலிருந்து ரியூசனுக்கு மாற்றுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழக அனுமதி என்ற ஒற்றைக் கதவு மட்டும் திறந்திருக்கும் சமூகத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

ஆனால் விதிவிலக்குகள் உண்டு. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைப் பாடசாலைகள் மட்டத்தில் மீண்டும் மீண்டும் வாகை சூடியது. பெண் பிள்ளைகள் காற்சட்டை அணிந்து உதைபந்து ஆடுவதா என்று முகஞ்சுளித்த ஊரே பின்னர் அவர்களை மாலையிட்டு வரவேற்றது. அதே கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனையைப் பலமுறை முறியடித்தார். அவருக்குப் பின்னால் சி. சுபாஸ்கரன் என்ற பயிற்றுவிப்பாளர் இருந்தார். கோலூன்றிப் பாய்தல் யாழ்ப்பாணத்தின் மரபு விளையாட்டா என்ன? கோலுக்கும் மெத்தைக்கும் வழியில்லாத இடத்தில் அது வேரூன்றியதற்குக் காரணம், கற்பிக்கத் தெரிந்தவர் ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் நின்று கற்பித்ததுதான். அவர் நின்ற இடத்தைத் தேடிப் பிள்ளைகள் வந்தார்கள். நாம் தெரிவு வேறு, பயிற்சி வேறு என்று பிரித்து முறைப்படுகிறோம். இந்த அனுபவம் அவை ஒன்றே என்று காட்டுகிறது.

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்தாட்ட இரசிகர்கள் இதே இரண்டு முறைப்பாடுகளையும் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இந்த ஆண்டு எந்த உயர்நிலைப் பள்ளிப் பையனைக் கோட்டை விட்டோம், பயிற்றுவிப்பாளரை எப்போது வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்பவை அவர்களுடைய தேநீர்க் கடைப் பேச்சு. பல மாநிலங்களில் அரச ஊழியர்களுள் மிகக் கூடிய சம்பளம் பெறுபவரே கல்லூரி அணியின் பயிற்றுவிப்பாளர்தான். 1972இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டத்துக்குப் பின் பெண்களுக்கும் விளையாட்டுப் புலமைப்பரிசில் கிடைக்கலாயிற்று. அந்தப் பணமும் ஆரவாரமும் நமக்கு வேண்டாம். ஆனால் ஆறடி தாண்டிய ஒரு பதினான்கு வயதுப் பெண் எந்தச் சிற்றூரில் இருந்தாலும் அவள் பெயர் நாலு பேருடைய குறிப்பேட்டில் இருக்கும். அதைப் பொறாமையோடுதான் பார்க்கிறேன்.

பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் பங்கையும் சொல்லிவிட வேண்டும். 1904இல் தொடங்கிய யாழ் மத்திய கல்லூரிக்கும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் பெரும் போருக்கு நாங்கள் சிறப்பு மலர் போட்டோம். எந்தப் பந்துவீச்சாளரை ஏன் சேர்க்கவில்லை என்று பழைய மாணவர்கள் இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையே ஒரு காவல். அது இருக்கும்வரை எந்த அதிபரும் துடுப்பாட்டப் பயிற்சியைக் கைவிடத் துணிய மாட்டார். கோட்ட மட்டப் பெண்கள் வலைப்பந்தாட்ட முடிவையோ மூன்று வரியில் போட்டோம், அதுவும் இடமிருந்தால். தர்ஜினியைப் பற்றி எழுதியபோதும் தலைப்பில் அவர் உயரத்தைப் போட்டோம். மூன்று வினாடிக்குள் உடலைத் திருப்பிப் பின்னோக்கிச் சாய்ந்து எறியும் அந்தக் கையின் பயிற்சியைப் பற்றி எழுதியவர்கள் அரிது. பார்த்தவர்களுக்குத் தெரியும், உயரம் மட்டுமே கோல் போடுவதில்லை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கழக ஆட்டங்களில் அவரை ஆடவிட்டவர்கள் உயரத்தைக் காட்சிக்கு வைப்பதற்காக அழைக்கவில்லை.

2018 அணியில் எழிலேந்தினி சேதுகாவலர் என்ற இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தார். அப்போது ஒரு வரிசை தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்தோம். 2023இல் கேப் டவுன் உலகக் கிண்ணத்திலும், நாற்பத்து நான்கு வயதில், பந்தை வளையத்துக்குள் போடுவதற்கு இலங்கை தர்ஜினியையே நம்பியிருந்தது. அவரைப் பாராட்டியவர்கள் அந்த வயதையும் சேர்த்துப் பாராட்டினார்கள். எனக்கு அது பாராட்டாகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் பெங்களூரில் நடந்த ஆசிய இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் கிண்ணத்தை மீட்டுக்கொண்டது.

புத்தூரிலிருந்து ஈவினைக்குச் செல்லும் அந்த வீதியில் காலை ஏழரைக்கு நின்றால், வெள்ளைச் சீருடையில் சைக்கிள் மிதித்து வரும் மாணவிகளைக் காணலாம். அவர்களுள் நெடிய ஒருத்தி, இருக்கையை மேலே உயர்த்தியும் முழங்கால் தட்டுவதால், சற்றுக் கூனிக்கொண்டு மிதிப்பாள்.