அருவியும் மாத்திரையும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, 'நீ இன்ஜினியர்தானே, அணையைப் பற்றி எழுதேன்' என்றார்கள். நான் எழுத நினைத்தது மனநோயை அளந்த வரலாறு. காரணம், என் சித்தப்பா.

குற்றாலத் தண்ணி தலையில விழுந்தா சித்தம் கலங்கினவங்களுக்கும் தெளியும் என்பது நம்ம பக்கத்துப் பழைய நம்பிக்கை. ஆனியில் சாரல் பிடித்ததும் ஆச்சி சித்தப்பாவைப் பேரருவிக்குக் கூட்டிப் போவாள். கொஞ்ச நாள் நல்லாத்தான் இருப்பார். 'புள்ளைக்குத் தெளிஞ்சிட்டு' என்று தெருவெல்லாம் சொல்லி வருவாள். ஆவணியில் மறுபடியும் தனியாகப் பேச ஆரம்பித்துவிடுவார். பன்னிரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஒரு தடவைகூட டாக்டரிடம் போகவில்லை.

ஒரு நாள் நீர்மட்டத்தை வைத்துச் சிற்றாற்றை எடைபோட முடியாது. வருஷக்கணக்கில் அளக்க வேண்டும். மனநோயும் அப்படித்தான். அதைச் செய்து காட்டியவர்கள் சென்னை மருத்துவர்கள். 1981-82ல், மனச்சிதைவு நோய் முதன்முறையாகக் கண்ட 90 பேரை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வுக்காகச் சேர்த்தார்கள். ஆய்வு முடிந்ததும் ஃபைலைக் கட்டி வைத்துவிடவில்லை. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பில் டாக்டர் ஆர். தாராவின் குழு அவர்களை விடாமல் தொடர்ந்தது. பத்தாம் ஆண்டில் 76 பேரின் நிலை பதிவாயிற்று. அதன்பின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்தார்கள். வேலை, கல்யாணம், குடும்பம் எல்லாவற்றையும் விசாரித்தார்கள்.

தெரிந்தது என்ன? பெரும்பாலோருக்கு நோய் வரும், தணியும், மறுபடி வரும். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிலரே. படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தப்பாவுக்கு ஆடியில் தெளிந்தது அருவியால் என்று நினைத்தோமே, அது நோய் தானாகத் தணிந்த நேரமாகவும் இருக்கலாமே! அந்த நேரத்தில் வைத்தியம் தொடங்காமல் கைதட்டிக்கொண்டு இருந்துவிட்டோம்.

அறியாமைக்குக் கொடுத்த விலை இதைவிடப் பெரியதும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகி மாண்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் குறை இருப்பதாகச் சொன்னது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வரவில்லை.

பத்தில் ஒருவர் என்றால் நம் கூட்டத்திலும் இருப்பார், ஹாஸ்டலிலும் இருப்பார். தம்பி, தங்கைகளே, கூட இருப்பவன் ராத்தூக்கம் இல்லாமல் தவித்தால் கேலி பேசாதீர்கள், பேச்சுக் கொடுங்கள். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணை ஹாஸ்டல் சுவரில் எழுதி வையுங்கள்.

சித்தப்பா இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். கடைக்குப் போய் வருகிறார், பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். சீசனுக்குக் குற்றாலம் போவதையும் விடவில்லை. அருவியில் ஆசைதீரக் குளிக்கட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம் என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.