பெயர் சுட்டிய வீடு: பிக் பிரதருக்கு ஒரு விடைகொடுப்பு

புரவலனை இழந்தோர் ஆற்றாமையால் புலம்பும் துறையைக் கையறுநிலை என்று புறத்திணை இலக்கணம் வகுத்துள்ளது. பாரிக்குக் கபிலரும் அதியமானுக்கு ஒளவையாரும் பாடியவற்றை நாம் அறிவோம். சாவு முன்னே வரும். பாட்டு பின்னே வரும். பிரிட்டனின் சானல் 4 தொலைக்காட்சி இம்முறையை மாற்றிவிட்டது. பிக் பிரதர் நிகழ்ச்சியை இனி நடத்தப்போவதில்லை என்று அது 2009 ஆகஸ்டில் அறிவித்தது. கடைசி ஒளிபரப்பு முடிந்ததோ 2010 செப்டம்பர் 10 அன்று. ஓராண்டுக்கு மேலாகத் தன் இறுதிச் சடங்குக்குத் தானே நாள் குறித்துக் காத்திருந்த நிகழ்ச்சி அது!

இதன் பிறப்பிடம் நெதர்லாந்து. ஜான் டி மோல் என்பாரின் எண்டெமோல் நிறுவனம் 1999 செப்டம்பரில் அங்கே தொடங்கியது. ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட புதினத்தில், குடிமக்களை ஓயாது கண்காணிக்கும் கொடுங்கோன்மைக்கு வைத்த பெயரைத்தான் இந்நிகழ்ச்சிக்குச் சூட்டினார்கள். அச்சமூட்ட எழுதப்பட்ட பெயர் ஐம்பதே ஆண்டுகளில் கேளிக்கைக்குப் பெயராயிற்று. ஆர்வெல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பிரிட்டனுக்கு இது 2000 ஜூலையில் வந்தது. கிழக்கு லண்டனில் போ என்னும் பகுதியில் வீடு அமைத்து, பத்துப் பேரை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார்கள். செய்தித்தாள் இல்லை, தொலைபேசி இல்லை, கடிகாரமும் இல்லை. எஞ்சியது பேச்சு மட்டுமே. பிறர் வாக்கைத் திருப்ப முயன்ற நிக் பேட்மன் கையும் களவுமாகப் பிடிபட்டு வெளியேற்றப்பட்டது அந்நாளில் தேசியச் செய்தி. வென்றவர் லிவர்பூலைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி கிரெய்க் பிலிப்ஸ். பரிசாகக் கிடைத்த 70,000 பவுண்டையும் தம் தோழி ஒருவரின் உறுப்புமாற்று அறுவைக்குத் தந்துவிட்டார். அந்த இறுதி நிகழ்ச்சியை ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். முதலாண்டில் ஒரு வெள்ளந்தித்தனம் இருந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. உள்ளே போனவர்களுக்கும் தாம் எதற்குள் போகிறோம் என்பது தெரியாது.

தமிழ் படித்தவர்க்கு இவ்வீடு வேறொன்றை நினைவூட்டும். அகப்பாடலில் தலைவன், தலைவி, தோழி, செவிலி உண்டு. ஆனால் எவருக்கும் இயற்பெயர் கூடாது என்பது தொல்காப்பியர் விதித்த வரையறை. ஊரார் தூற்றும் அலரும் பாட்டில் வரும். எனினும் யாரைப் பற்றிய அலர் என்பது கேட்போர்க்குத் தெரியாது. பிக் பிரதர் இதனைத் தலைகீழாக்கியது. அகத்தை வைத்துக்கொண்டு பெயரைச் சுட்டியது. முகத்தையும் ஊரையும் தொழிலையும் சேர்த்தே காட்டி, அலர் தூற்றும் பொறுப்பை நாடு முழுவதற்கும் பகிர்ந்தளித்தது. அந்தப் பெயர்களுள் ஒன்றுதான் ஜேட் குடி.

லண்டன் பெர்மண்ட்சியில் எளிய சூழலில் வளர்ந்தவர். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர். 2002இல் வீட்டுக்குள் போனபோது வயது 20. ஈஸ்ட் ஆங்லியா தம் நாட்டிலேயே உள்ள பகுதி என்பதை அறியாமல் பேசினார், நாடு சிரித்தது. அச்சு ஏடுகள் அவரைப் பன்றி என்று எழுதவும் கூசவில்லை. நான்காம் இடம்தான் கிடைத்தது. ஆயினும் வென்றவரைக் காட்டிலும் அவர் பெயரே நிலைத்தது. ஏசிய ஏடுகளே பின்னர் அவர் படத்தைப் போட்டு விற்றன.

2007 ஜனவரியில், பிரபலங்களுக்கான பதிப்பில் அவர் மீண்டும் நுழைந்தார். உடனிருந்தவர் நம் நாட்டு நடிகை ஷில்பா ஷெட்டி. ஜேடும் வேறு சிலரும் ஷில்பாவை நடத்திய விதம் இனவெறி என்று 44,000க்கும் மேற்பட்ட முறையீடுகள் ஆஃப்காம் என்னும் ஒழுங்காற்று அமைப்புக்குப் போயின. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். அவ்வேளையில் இந்தியா வந்திருந்த பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் இதற்கும் விளக்கம் சொல்ல நேர்ந்தது. ஜேட் வெளியேற்றப்பட்டார், ஷில்பா வென்றார். சானல் 4 ஒழுங்கு விதிகளை மீறியது என்று அவ்வாண்டு மே மாதம் ஆஃப்காம் தீர்ப்பளித்தது. ஜேட் சொன்னவை இழிவானவையே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவற்றைத் தொகுத்து இரவுதோறும் ஒளிபரப்பியவர்கள் அவர்போல் தெருவில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு அவர் இந்தியா வந்தார். ஷில்பா தொகுத்து வழங்கிய இந்தி பிக் பாஸின் இரண்டாம் பருவத்தில், பழைய கசப்பைத் தீர்த்துக்கொள்ளவே வந்தார் எனலாம். வந்து இரண்டே நாள். கருப்பை வாய்ப் புற்றுநோய் இருப்பதாக லண்டனிலிருந்து வந்த செய்தி, அந்த வீட்டின் கன்ஃபெஷன் அறையில்தான் அவருக்குச் சொல்லப்பட்டது. உடனே ஊர் திரும்பினார்.

2009 பிப்ரவரியில், பிழைக்க வழியில்லை என்று தெரிந்த பின் மணம் செய்துகொண்டார். அதன் படங்களையும் காட்சிகளையும் விலைக்கு விற்றார். அப்பணம் தம் இரு மகன்களின் படிப்புக்கு என்று வெளிப்படையாகவே சொன்னார். முகம் சுளித்தவர் பலர். நாமும் அன்று செய்தியைப் படித்துச் சுளித்தோம் என்பதை மறைப்பானேன்? ஏழாண்டுகளாகப் பிறர் விற்றுவந்த வாழ்வை, கடைசியில் அவர் தம் கணக்கில் விற்றார் என்பது நமக்குப் பின்னரே உறைத்தது. மார்ச் 22 அன்று இறந்தார். வயது 27. பிரிட்டனில் அது அன்னையர் ஞாயிறு. அவர் நோயுற்ற செய்தி பரவிய ஓராண்டில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 5 இலட்சம் பெண்கள் கூடுதலாகக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குச் சென்றதாகப் பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

ஐந்து மாதம் கழித்தே சானல் 4இன் அறிவிப்பு வந்தது. அச்சாவை அதற்குக் காரணமாகச் சொல்வதற்கில்லை. பார்ப்போர் குறைந்துவிட்டனர், அதுதான் காரணம். 2010இல் பதினோராம் பருவம் முடிந்ததும், விடைகொடுக்கவென்றே பழைய போட்டியாளர்களை மீண்டும் அழைத்துப் பதினெட்டு நாள் கூட்டினார்கள். பிரையன் டவ்லிங் வென்றார். மறு ஆண்டே சானல் 5 இந்நிகழ்ச்சியை வாங்கியது. தொகுப்பாளராக வந்தவர் அதே பிரையன்! 2018இல் இன்னொரு முறை விடைபெற்று, 2023இல் ஐடிவி2 வழியாகத் திரும்பியும் வந்துவிட்டது. இதற்கிடையே தமிழிலும் 2017இல் கமல்ஹாசன் தொகுத்து வழங்கக் கதவு திறந்தது. அக்கதை யாவரும் அறிந்ததே.

அந்தப் பதினெட்டு நாள் கூட்டத்துக்கு 2000இல் துரத்தப்பட்ட நிக் பேட்மனையும் அழைத்திருந்தார்கள். 2006இல் நாட்குறிப்பு அறையில் குமுறிப் பேர்பெற்ற நிக்கி கிரஹாமும் வந்திருந்தார். சிறுமியாயிருந்த நாள்முதல் உணவு மறுப்பு நோயோடு போராடிவந்த அவரும் 2021 ஏப்ரலில், 38 வயதில் மறைந்தார். ஜேட் இருந்திருந்தால் 29 வயது ஆகியிருக்கும்.