குட்டிச்சாத்தானும் என் நான்காம் வகுப்பும்



போன ஞாயிற்றுக்கிழமை பேரன் ஒரு 3டி படம் பார்த்துவிட்டு வந்தான். கண்ணாடி போட்டது, திரையிலிருந்து மீன் நீந்தி வந்தது, பக்கத்து இருக்கைப் பாப்பா அழுதது என்று அரைமணி நேரம் கதை. கடைசியில், "தாத்தா, உங்க காலத்துல இதெல்லாம் கிடையாதுல்லா?" என்றான். "1984லேயே பார்த்தாச்சு மக்களே" என்றேன். நம்பவில்லை. கூகுளில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நீளமாகத்தான் போகும். பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம், கோபிக்க மாட்டேன்.

படத்தின் பெயர் 'மை டியர் குட்டிச்சாத்தான்'. மலையாளம். 1984 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்தது. இந்தியாவில் எடுத்த முதல் 3டி படம். தயாரித்தவர் நவோதயா அப்பச்சன், இயக்கியவர் அவருடைய மகன் ஜிஜோ.

அந்தக் குடும்பத்துக்கு, யாரும் செய்யாததை முதலில் செய்து பார்க்கும் ஒரு பைத்தியம் உண்டு. மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படமான 'தச்சோளி அம்பு' (1978) அவர்களுடையதுதான். 1982-ல் ஜிஜோ இயக்கிய 'படையோட்டம்' 70 எம்எம் படம், அதுவும் வெளிநாட்டு உதவி இல்லாமல் இங்கேயே உருவானது. அடுத்து என்ன என்று யோசித்தவர்கள் 3டியில் வந்து நின்றார்கள். ஜிஜோ அமெரிக்கா போய், கலிபோர்னியாவில் பர்பாங்க் என்ற ஊரில் இதைக் கற்றுக்கொண்டு வந்தார். ஒளிப்பதிவு அசோக்குமார். 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர், நமக்குத் தெரியாதவரா? இசை இளையராஜா. ஆக, கேரளத்துப் படம் என்றாலும் நம் ஆட்களின் கைவண்ணமும் அதில் உண்டு.

இங்கே கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்கிறேன். வலது கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்திக்கொள்ளுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுகிறதல்லவா? இரண்டு கண்ணும் இரண்டு படம் பார்க்கின்றன, மூளை அவற்றை ஒட்டி ஆழம் என்று ஒன்றை உண்டாக்குகிறது. 3டியின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் தனித்தனியாகப் போக வேண்டும். குட்டிச்சாத்தானில் ஒரே பிலிம் சுருளில், ஒரு சட்டத்துக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு படமும் பதிவாகியிருந்தன. தியேட்டரில் தனி லென்ஸ் வைத்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழச் செய்வார்கள். போலராய்டு கண்ணாடி அவற்றைப் பிரித்து அந்தந்தக் கண்ணுக்கு அனுப்பும். சிவப்பு நீலக் கண்ணாடி என்று பலர் சொல்லக் கேட்கிறேன். அது வேறு வகை. சாதாரண வெள்ளைத் திரையும் இதற்கு ஆகாது, வெள்ளிப் பூச்சுத் திரை வேண்டும். அப்படியானால் படம் ஓட்டிய ஒவ்வொரு தியேட்டரிலும் லென்ஸ் மாற்றி, திரை மாற்றி, ஆட்டத்துக்கு ஆட்டம் கண்ணாடியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். அப்பச்சன் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாரோ!

இதற்கிடையில் ஒரு புரளி வேறு. ஒருவர் போட்ட கண்ணாடியை இன்னொருவர் போட்டால் மெட்ராஸ் ஐ வரும் என்று. அதைத் தணிக்க, கண்ணாடிகளை ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் கிருமி நீக்கித்தான் கொடுக்கிறோம் என்று பிரேம் நசீர், அமிதாப் பச்சன், ரஜினிகாந்த், சிரஞ்சீவி போன்றவர்களையே பேச வைத்துப் படத்தின் முன்னால் சேர்த்தார்கள். இன்றைய வாட்ஸ்அப் வதந்திக்கு இப்படி யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. அந்த வருஷ ஓணத்தை ஒட்டிய ஒரு சனிக்கிழமை, அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய்ப் படம் பார்த்தேன். (இரண்டு பேரும் இதைப் படிக்கிறார்கள். சின்னவன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு முகத்தை மூடியதை எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.) 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி நம்முடையது. மலையாளப் படம் நமக்கு அந்நியமில்லை. சாத்தானும் அந்நியமில்லை. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் பாட்டி வாயிலேயே அடிப்பாள்.

குட்டிச்சாத்தான் யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கேரளத்தில் கோயில் கொண்ட தெய்வம் அவன். திருச்சூர் பக்கம் பெரிங்கோட்டுக்கரையில் விஷ்ணுமாயா என்று கும்பிடுகிறார்கள். வட மலபாரில் அவனுக்குத் தெய்யம் ஆடுகிறார்கள். அங்கே வழங்கும் கதைப்படி, ஒரு நம்பூதிரி வீட்டில் வளர்ந்த அடங்காத பிள்ளை. பிரம்பால் அடித்த ஆசிரியரையே கொன்றுவிட்டானாம். பிறகு அவனைத் துண்டு துண்டாக வெட்டித் தீயில் போட, தீயிலிருந்து பல சாத்தான்களாக எழுந்து வந்தானாம். இந்தக் கதையைப் பின்னாளில் படித்தபோது என் பிரம்பு நினைவுக்கு வந்தது. காரணம் கீழே வருகிறது.

படத்தின் கதை ரகுநாத் பலேரி எழுதியது. ஒரு மந்திரவாதி குட்டிச்சாத்தானைக் கட்டி அடிமையாக வைத்திருக்கிறான். கொட்டாரக்கரை ஸ்ரீதரன் நாயர் அந்த வேஷம். 'செம்மீன்' படத்தின் செம்பன்குஞ்சு என்றால் தெரியும். அவர் கண்ணை உருட்டினால் 3டி தேவையே இல்லை, இருக்கையில் பின்னால் சாய்ந்துவிடுவோம். இரண்டு பையன்களும் லட்சுமி என்ற பெண்குழந்தையும் சாத்தானை விடுவித்துத் தோழனாக்கிக்கொள்கிறார்கள். அவனும் பார்க்க அவர்களைப் போல ஒரு சின்னப் பையன்தான். மந்திரவாதி விடுவானா? அவனைத் திரும்பப் பிடிக்க வருகிறான்.

எல்லோருக்கும் நினைவிருப்பது பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து பாடும் அந்தப் பாட்டு. கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். முழு அறையையும் இரும்புச் சட்டத்தில் கட்டி, கேமராவை அறையோடு சேர்த்துப் பொருத்தி, அறையையே சுற்றினார்கள். பிள்ளைகள் எப்போதும் கீழே இருக்கும் பக்கத்தில்தான் நடக்கிறார்கள், நமக்கோ கூரையில் நடப்பதுபோலத் தெரிகிறது. ஹாலிவுட்டில் 1951-லேயே பிரெட் அஸ்டேர் இப்படி ஆடியிருக்கிறார். ஆனால் பழகிய நடனக்காரர் ஒருவர் ஆடுவது வேறு, சின்னப் பிள்ளைகளை நிறுத்தி அறையைச் சுற்றுவது வேறு. அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டாகத் தேசிய விருது கிடைத்தது. நியாயம்தான்.

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் வந்த 3டி படங்கள் கத்தியையும் சுறாவையும் பார்ப்பவர் முகத்துக்கு நேரே நீட்டின. இவர்கள் நீட்டியது ஐஸ்கிரீம். தியேட்டரில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து கையை நீட்டினார்கள். நானும் நீட்டினேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அடுத்த வருஷமே தமிழில் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' 3டியில் வந்தது. பார்த்தேன். ஏனோ மனதில் ஒட்டவில்லை.

குட்டிச்சாத்தானைப் பேய்ப்படம் என்று சொல்வார்கள். அதில் பிள்ளைகள் பேய்க்குப் பயப்படுவதே இல்லை. அவர்கள் பயப்படுவது பெரியவர்களுக்குத்தான். அடிமை வைத்திருக்கும் மந்திரவாதி ஒருவன். இன்னொருவர் லட்சுமியின் அப்பா. தலிப் தாஹில் நடித்தது. ஓயாத குடி. சாத்தானோ எவ்வளவு மது இருந்தாலும் இழுத்துக் குடித்துவிடுவான். லட்சுமிக்கு அவன் வரமாக வந்தது அதனால்தான். இதைத் தியேட்டரில் பார்த்தபோது சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம்.

திங்கட்கிழமை நான்காம் வகுப்பில் கடைசிப் பீரியட் முழுக்கப் படத்தின் கதையைச் சொன்னேன். மேசை மேல் ஏறி நின்று மந்திரவாதியாக நடித்தேன். வகுப்பே அதிர்ந்தது. லட்சுமி அப்பாவின் மதுவைச் சாத்தான் குடிக்கும் இடம் வந்ததும், கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். வருஷம் முழுக்க வாய் திறக்காதவன்.

"சார், அவன் எங்க வீட்டுக்கும் வருவானா? எங்க அப்பாவுக்க சாராயத்தையும் குடிப்பானா?"

வகுப்பு சிரித்தது. "அது கதைடா, உட்காரு" என்றேன்.

1981-ல் மதுவிலக்கு நீக்கப்பட்டு ஊருக்கு ஊர் சாராயக்கடை திறந்திருந்த காலம் அது. 1987-ல்தான் சாராயக்கடைகளை மூடினார்கள். அந்தப் பையன் சாயங்காலம் முழுக்க ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினான் என்பதும், அந்தக் காசு எங்கே போனது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாததற்காக அவனை எத்தனையோ முறை அடித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையை நீட்டுவான். விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். பார்த்துக்கொண்டேதான் அடித்தேன்.

ஒரு சாயங்காலம் அவன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். "சார் சொன்னா சரி சார்" என்று மரியாதையாகப் பேசினார். மறுநாளும் கடைக்குப் போனார். அவனை அடிப்பதை நிறுத்தினேன், மத்தியானம் என் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டுப்பாடத்தை அங்கேயே எழுத வைத்தேன். நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு போய்விட்டான்.

படம் அதன்பிறகும் சாகவில்லை. 1997-ல் புதிய காட்சிகள் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். இந்தியில் 'சோட்டா சேத்தன்' ஆனது. 2010-ல் பிரகாஷ்ராஜ், சந்தானம் வரும் காட்சிகளைச் சேர்த்துத் தமிழில் 'சுட்டி சாத்தான்' என்று வந்தது. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவுக்கு உங்களில் சிலரைச் சுற்றுலா கூட்டிப்போனேனே, அதை உண்டாக்கியவரும் இதே அப்பச்சன்தான். 2012-ல் காலமானார். ஜிஜோவின் கதையை வைத்து மோகன்லால் 2024-ல் 'பரோஸ்' என்ற 3டி படத்தை இயக்கினார்.

சென்ற வருஷம் உறவுக்காரர் கல்யாணத்தில் பந்திக்கு நின்றபோது ஒருவர் வந்து காலைத் தொட்டார். நரைத்த மீசை. அதே பையன். இப்போது சொந்தமாக ஹோட்டல் வைத்திருக்கிறான், இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். பேச்சு எங்கெங்கோ போய்க் குட்டிச்சாத்தானில் நின்றது.

"அந்தப் படத்தை நான் இதுவரைக்கும் பாக்கல சார். நீங்க மேசைமேல ஏறிச் சொன்னதுதான். அந்தச் சாத்தான் இப்பவும் அந்தப் புள்ளைக்க வீட்டிலேதான் இருக்கானா?"

படத்தில் சாத்தான் கடைசியில் விடைபெற்றுப் போய்விடுவான். அன்று வகுப்பில் அவன் உட்கார்ந்த பிறகு அந்த முடிவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லட்சுமி வீட்டு மச்சிலேயே தங்கிவிட்டான் என்று முடித்திருந்தேன்.

கல்யாண வீட்டிலும் "ஆமா, அங்கேதான் இருக்கான்" என்றுதான் சொன்னேன். போன மாதம் அவனும் ஃபேஸ்புக்கில் நட்பு அழைப்பு அனுப்பியிருந்தான், ஏற்றுக்கொண்டேன். இதைப் படிப்பான்.