கொடுத்துக் காட்டியவர்கள், எழுதாமல் மறைத்தவர்கள்

திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரிக்கு என்ன சொத்து இருந்தது என்று கபிலர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். புறநானூற்றின் 122-ஆம் பாட்டு அது. காரியின் நாடு யாருடையது? வேள்வித்தீ வளர்க்கும் அந்தணருடையது. போர்த்துணை வேண்டி மூவேந்தரும் மாறி மாறி அனுப்பும் பொருள் யாருடையது? வாழ்த்திக்கொண்டு வாசலுக்கு வரும் இரவலருடையது. காரி தனதென்று சொல்லிக்கொள்ள மிஞ்சுவது மனைவியின் தோள் மட்டுமே. இவ்வளவே உடைய உனக்கு எங்கிருந்து வந்தது இத்தனை பெருமிதம் என்று வியந்து பாட்டை முடிக்கிறார் கபிலர்.

திருக்கோவலூர் இருக்கும் இந்தக் கள்ளக்குறிச்சிச் சீமையின் செல்வர்களைப் பார்ப்போம். கையில் இருந்ததை அவர்கள் யாருக்குக் காட்டினார்கள், எப்போது மறைத்தார்கள் என்பது கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் வரலாற்றைத் திறந்துகாட்டும் ஒரு நல்ல வழி.

காரியைப் பற்றிக் கபிலர் பாடிய வேறு பாட்டுகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. காலையிலேயே கள் குடித்து மகிழ்ந்திருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் எளிது. காரியோ குடிக்காத வேளையிலும் கொடுப்பான், அப்படிக் கொடுத்த தேர்கள் அவனுடைய முள்ளூர் மலையில் விழும் மழைத்துளியைவிட அதிகம் என்கிறது 123-ஆம் பாட்டு. நாள் சரியில்லாத அன்று போனாலும், முறை தெரியாமல் பாடினாலும், அவனிடம் போனவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை என்கிறது அடுத்தது. கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும் சிறுபாணாற்றுப்படை, காரி குதிரையோடு இன்சொல்லையும் சேர்த்துக் கொடுத்தான் என்று சொல்கிறது. எனக்கு இந்தக் குறிப்பு மிகவும் பிடிக்கும். கொடுப்பவனின் முகத்தையும் பார்த்துத்தான் புலவர்கள் மதிப்புப் போட்டிருக்கிறார்கள்.

செல்வத்தைக் காட்டுவதற்கு அதைக் கைமாற்றிவிடுவதே வழி என்று எண்ணிய சமூகங்கள் உலகில் பல உண்டு. கனடாவின் மேற்குக் கடற்கரைப் பழங்குடிகள் 'பொட்லாட்ச்' என்ற விருந்து வைப்பார்கள். தலைவன் சேர்த்த போர்வைகளையும் செம்புத் தகடுகளையும் வந்தவர்களுக்கு வாரிக் கொடுப்பான். எவ்வளவு கொடுத்தான் என்பதே அவன் தகுதி. சேமிக்கத் தெரியாத மக்கள் என்று நினைத்த கனடா அரசு 1885-இல் அந்த விருந்துக்குத் தடை போட்டது. 1951 வரை அந்தத் தடை இருந்தது. திருக்கோவலூர் அரண்மனை வாசலைப் பார்த்திருந்தாலும் அந்த அதிகாரிகள் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

வள்ளல் என்ற பேரோடு காரியை விட்டுவிடுவது முறையாகாது. கொடுக்க எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். அதற்கும் கபிலரிடமே விடை இருக்கிறது. நற்றிணையின் 291-ஆம் பாட்டு ஓர் அகப்பாட்டு. பிரிவால் தலைவியின் அழகு போனதைச் சொல்ல வருகிறது. முள்ளூர் மன்னன் குதிரையேறி வந்து இரவோடிரவாக ஓட்டிக்கொண்டு போன பசுக்கூட்டத்தின் சொந்தக்காரர்கள் எப்படி நிற்பார்களோ, அப்படி என்று அங்கே ஓர் உவமை. ஒரே புலவர், ஒரே தலைவன். ஒரு பாட்டில் வாசலில் நின்று பரிசு வாங்குகிறவர்கள். இன்னொன்றில் காலையில் எழுந்து வெறுந்தொழுவத்தைப் பார்க்கிறவர்கள். கபிலர் இரண்டு பக்கத்தையும் அறிந்தவர். நாம் முதல் பக்கத்தை மட்டும் பாடப்புத்தகத்தில் வைத்துக்கொண்டோம்.

கொடுத்த செல்வத்துக்கு ஒரு பலன் கிடைத்ததும் உண்டு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சோழன் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்து யானைக்காலில் இட ஆணையிட்டான். கோவூர்கிழார் குறுக்கே வந்து நின்றார். புறநானூறு 46. புறாவுக்காகத் தன்னையே கொடுத்த மரபு உன்னுடையது. அறிவை உழுது உண்ணும் புலவர்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்து உண்டவர்களின் மரபு இந்தப் பிள்ளைகளுடையது என்று வாதாடினார். அந்தக் குழந்தைகள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை நிறுத்திவிட்டு, பழகாத மன்றத்தைப் பார்த்துப் புதிதாக மிரண்டுகொண்டிருக்கிறார்களாம். இந்தக் காட்சியைத் தாண்டிப் போக எனக்கு ஒவ்வொரு முறையும் நேரமாகிறது. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்கிறது மரபு. அன்று காரியின் கருவூலத்தில் எவ்வளவு பொன் இருந்திருந்தாலும் சோழன் அதை எடுத்துக்கொண்டிருப்பான். புலவர் வயிற்றுக்குப் போன சோற்றை அவனால் பறிமுதல் செய்ய முடியவில்லை.

திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்று ஓர் ஊர். அங்கே ஒரு குன்றின் குகையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி இருப்பது 1981-இல் கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாழி, அதாவது துறவியர் தங்குமிடம், என்பது அந்த வரியின் செய்தி. அசோகரின் கல்வெட்டுகள் சேர, சோழ, பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் 'சதியபுதோ' யார் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் விவாதித்ததற்கு இந்த ஒரு வரி முடிவு கட்டியது. தகடூரை ஆண்ட இந்த அதியமான் கோவலூரை வென்றவன். பரணர் அந்த வெற்றியைப் பாடியதாக ஔவையார் சொல்கிறார். காரியின் சீமைக்குள் தன் பட்டத்தையும் பெயரையும் கல்லில் வெட்டி வைத்தவன், அதற்கு ஒரு கொடையைத் தேர்ந்தெடுத்தான். வந்து படுப்பவர்கள் ஒன்றும் இல்லாத துறவிகள். அவர்கள் தலைமாட்டில் தகடூர் மன்னனின் பெயர்.

கொடையைக் கல்லில் எழுதி வைப்பது சோழர் காலத்தில் பெருவழக்கானது. கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பார்கள். ஆடு மேய்ப்பவர் அவற்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் நிற்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். கொடுத்தவர் பெயர், ஊர், ஆட்டின் எண்ணிக்கை எல்லாம் கோயில் சுவரில் ஏறும். அந்த எழுத்தை எல்லாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் யார் வைத்த விளக்கு என்று ஊருக்குத் தெரியும். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியையும், மலையமான் குலத்தில் பிறந்த ராசராசனின் தாய் வானவன் மாதேவி பால்குடிப் பிள்ளையைப் பிரிந்து கணவனோடு தீயில் இறங்கியதையும் சேர்த்தே பேசுகிறது. காரி போய் நெடுங்காலம் கழித்தும் தன் கொடையை எழுத வந்தவருக்குக் கபிலர் நினைவு தேவைப்பட்டிருக்கிறது. கோயிலுக்கு அருகே பெண்ணையாற்றின் நடுவில் நிற்கும் பாறையைத்தான் இன்றும் கபிலர் குன்று என்கிறார்கள். உச்சியில் சின்னஞ்சிறு கோயில். ஆற்றில் வெள்ளம் வந்தால் சுற்றிலும் தண்ணீர்.

இனி மலைக்கு ஏறுவோம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்குச் சாலை போகிறது. கல்வராயன் மலையில் செல்வத்தின் கதை வேறு மாதிரி நடந்தது. இங்கே மூன்று ஜாகிர்கள், அதாவது பரம்பரை நில ஆட்சிகள்: சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்று வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அந்த மண்ணில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தவர்கள்; கடுக்காயும் தேனும் புளியும் இறக்கியவர்கள். ஜாகிர்தாருக்கு அவர்கள் வரி கட்டினார்கள். கூலி வாங்காமல் உழைத்தும் கொடுத்தார்கள்.

இங்கே பணக்காரர் என்பதற்கு அடையாளம் நகையோ மாளிகையோ அல்ல. கூப்பிட்டால் எத்தனை பேர் தங்கள் காட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள் என்பதே அடையாளம். அந்தச் செல்வத்தைத் தனியாக எடுத்துக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. மலையில் பிறந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். கீழே சமவெளியில் இருந்த அரசாங்கத்துக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை. ரயத்துவாரி அளவைச் சங்கிலி மலைமேல் ஏறவில்லை. யார் எந்தக் காட்டை எத்தனை தலைமுறையாக உழுகிறார்கள் என்பதற்குப் பட்டாவும் இல்லை, அடங்கலும் இல்லை. நகையைப் புதைப்பதும் பணத்தைப் பதுக்குவதும் சிறிய மறைப்புகள். ஒரு மலையையே எழுத்துக்கு வெளியில் வைத்திருந்ததுதான் இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய மறைப்பு என்பது என் கருத்து. அதில் ஜாகிர்தார்களுக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு கண்டும் காணாமல் இருந்த அரசுகளுக்கும் உண்டு.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. கல்வராயன் மலை ஜாகிர்கள் 1976 வரை நீடித்தன. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து, நெருக்கடிநிலைக் காலத்தில்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

கீழே சமவெளியில் அந்த ஆண்டுகளில் மறைக்கும் வேலை வேறு வடிவத்தில் நடந்தது. தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வைத்தார்கள். 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். அதுவரை எத்தனை காணி என்று சபையில் சொல்லிப் பெருமைப்பட்ட பண்ணையார்கள், மாநிலம் முழுக்க, திடீரென்று தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். நிலம் மகன் பேரில், மருமகன் பேரில், பண்ணையில் வேலை பார்த்தவர் பேரில் எழுதப்பட்டது. தனக்கு நிலம் இருப்பதே தெரியாத பினாமிகள் எத்தனையோ பேர். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில், பட்டு உடுத்தத் தடை இருந்த வணிகர்கள் வெளியே சாதாரணப் பருத்தியும் உள்பக்கத்தில் விலையுயர்ந்த பட்டும் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். சட்டம் பார்க்கும் பக்கம் எளிமை. தமக்குத் தெரிந்தவர் பார்க்கும் பக்கம் செல்வம். நம் பண்ணையார்களின் பத்திரங்களும் அப்படித்தான் இருந்தன. பத்திரத்தில் ஏழை, கோயில் தேர்வடத்தில் முதல் கை.

கோமுகி அணை 1965-இல் வந்தது. கரும்பு பெருகியது, மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரைத்தது. கரும்புப் பணம் பார்த்த குடும்பங்களுக்குத் தாங்கள் எழுந்து நிற்பதை ஊருக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு இந்த வட்டாரத்தில் அழகான ஒரு வழி இருக்கிறது: நிலைக்கதவு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச்சிற்பிகள் வரைந்த தாளைப் பலகையில் ஒட்டி, உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்து, நிலையின் தலைக்கட்டில் கஜலட்சுமியையும் பக்கங்களில் கொடியையும் கிளியையும் எழுப்புவார்கள். யானையின் துதிக்கை வளைவில் உளி சற்றே தப்பினாலும் பலகை போச்சு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செல்வத்தைக் காட்டும் வழிகளில் நான் மனதார வரவேற்பது இதைத்தான். திருமண மண்டபத்து ஃபிளெக்ஸ் பேனர் மூன்றாம் நாள் குப்பைக்குப் போகிறது. கதவுக்குக் கொடுத்த பணம் ஒரு தச்சர் வீட்டில் பல மாதச் சோறாகிறது, கதவும் பேரன் காலம் வரை நிற்கிறது.

மலையில் எழுதாமல் விட்டதன் விலையை மக்கள் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதையொட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவமும் பள்ளியும் நீதிமன்றத்தில் பேசப்பட்டன.

நிலத்துக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவித்து வருகிறோம் என்று பழங்குடி மக்கள் கிராம சபையில் உரிமை கோரலாம். காகிதம் இல்லாதவர்களை மனதில் வைத்து அதன் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. வீடு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், சாமி இருக்கும் இடம், ஊர்ப் பெரியவர் சொல்லும் சாட்சி எல்லாம் சான்றாக ஏற்கப்படும். மனுவோடு வருகிறவரிடம் ஜாகிர் காலத்துப் பட்டாவைக் கேட்டுத் திருப்பி அனுப்ப அந்த விதிகளில் இடமில்லை. ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைக் கிராம சபைகள் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்த கடைசித் தலைமுறைக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் ஆகிறது.